வான் டைக் நேரில் பார்க்காத எராஸ்மஸ்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ரோட்டர்டாமில் ஒரு பழம்பொருள் கடையில் நீங்கள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வாங்கியிருக்கிறீர்கள். தொப்பியும் கனத்த அங்கியும் அணிந்த ஒரு முதியவர். கீழே லத்தீனில் எராஸ்மஸ் என்று, பழைய ஐரோப்பிய எழுத்தாளர் ஒருவரின் பெயர். ஓவியர் அந்தோணி வான் டைக் தன் கையால் செய்த 17ஆம் நூற்றாண்டு எட்சிங், அதாவது செம்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிட்ட படம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து தேடினால் எராஸ்மஸ் இறந்தது 1536, வான் டைக் பிறந்தது 1599. நடுவில் 63 ஆண்டுகள். அப்படியானால் இவர் அவரை எப்படி வரைந்தார்? உங்களிடம் இருப்பது அசலா, நகலா? இதே படம் அருங்காட்சியகங்களில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறித் தெரிகிறதே, ஏன்?

மூன்றுமே நல்ல கேள்விகள். அச்சோவியம் என்ற கலையின் மொத்தச் சிக்கலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். நான் எட்சிங் முறையாகப் படித்தவன், தகடும் அமிலமும் கையில் பட்டு வேலை செய்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: வான் டைக் எராஸ்மஸைப் பார்க்கவில்லை. எராஸ்மஸ் காலத்து ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் பார்த்தார். ஹோல்பைன் 1523இல் தீட்டிய எராஸ்மஸ் ஓவியங்களிலிருந்து வந்த முகம்தான் நூறாண்டுக்குப் பிறகு வான் டைக்கின் தகட்டுக்கு வந்து சேர்ந்தது. இதை நகல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. அதற்கு எராஸ்மஸுக்கும் அவருடைய சொந்த முகத்துக்கும் இருந்த உறவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எராஸ்மஸ் ரோட்டர்டாமில் பிறந்தவர். துறவியாகி, மடத்தை விட்டு வெளியே வந்து, பாரிஸ், இங்கிலாந்து, இத்தாலி, லூவன், பாசெல் என்று வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றியவர். ஐரோப்பாவில் அச்சுக்கூடத்தையே வீடுபோல ஆக்கிக்கொண்ட முதல் பெரிய எழுத்தாளர் என்று அவரைச் சொல்லலாம். கிரேக்க, லத்தீன் பழமொழிகளைத் தொகுத்து விளக்கம் எழுதிய அவருடைய 'அடாஜியா' 1500இல் பாரிஸில் வந்தபோது அதில் சுமார் 800 பழமொழிகள் இருந்தன. 1508இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதி எழுதி அதை 3,000க்கு மேல் கொண்டுபோனார். சாகிற வரைக்கும் சேர்த்துக்கொண்டே இருந்தார், கடைசியில் 4,000ஐத் தாண்டியது. 1511இல் 'மடமையின் புகழ்ச்சி', 1516இல் கிரேக்க மொழிப் புதிய ஏற்பாடு. ஐரோப்பாவில் படித்தவர்கள் வீட்டில் எல்லாம் அவர் புத்தகம் இருந்தது. ஆனால் அவரை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மிகச் சிலர். பெயரும் எழுத்தும் எங்கும் போய்விட்டன, முகம் போகவில்லை. அந்த முகத்தை அனுப்புகிற வேலையை எராஸ்மஸே எடுத்துக்கொண்டார்.

1517இல் ஆன்ட்வெர்ப்பில் ஓவியர் குவென்டின் மாசிஸிடம் தன்னையும் நண்பர் பீட்டர் கில்லிஸையும் இரண்டு பலகைகளில் தீட்டச் சொல்லி, ஆங்கிலேய நண்பர் தாமஸ் மோருக்குப் பரிசாக அனுப்பினார்கள். வேலை நடுவில் தடைப்பட்டது. எராஸ்மஸ் பித்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு முகம் வாடிப்போக, மாசிஸ் பார்த்துவிட்டு இது நான் தீட்டிக்கொண்டிருந்த முகமே இல்லை என்று சொல்லி, சில நாள் பொறுத்து வரச் சொன்னாராம். இதை எராஸ்மஸே மோருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். இந்தச் சின்னச் சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே முகம் ஓவியனின் கையைவிட்டு நழுவிப் போகிறது.

1519இல் அதே மாசிஸ் அவருக்கு ஒரு வெண்கலப் பதக்கம் வார்த்தார். அதில் கிரேக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: மேலான உருவத்தை அவருடைய எழுத்துகள் காட்டும். அப்புறம் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வருகிறார். 1520இல் நெதர்லாந்துப் பயணத்தில் எராஸ்மஸைச் சந்தித்துக் கரியால் ஓர் உருவம் வரைந்தார், அது இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செம்புத் தகட்டில் அவர் அதைச் செதுக்கி முடித்ததோ 1526இல், ஆறு ஆண்டுகள் கழித்து. அந்த அச்சோவியத்தில் எராஸ்மஸ் நின்றபடி எழுதுகிறார், முன்னால் புத்தகங்கள், பின்னால் ஒரு பெரிய பலகை. பலகையில் லத்தீனில், உயிருள்ள உருவத்தைப் பார்த்து ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்தது என்று இருக்கிறது. அதன் கீழே பதக்கத்தில் இருந்த அதே கிரேக்க வரி.

படம் எராஸ்மஸுக்குத் திருப்தி தரவில்லை. நியூரம்பர்க்கில் இருந்த நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதும்போது, உருவம் ஒத்துவராததில் ஆச்சரியமில்லை, நான் ஐந்து வருடத்துக்கு முந்திய ஆளாக இல்லையே என்று மென்மையாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. 1528இல் லத்தீன், கிரேக்க உச்சரிப்பைப் பற்றி எழுதிய நூலில் இடம் கண்டுபிடித்து டியூரரைப் புகழ்ந்திருக்கிறார். பழங்கால கிரேக்க ஓவியர் அப்பெல்லிஸுக்காவது வண்ணங்கள் துணைக்கு இருந்தன, டியூரரோ வெறும் கறுப்புக் கோடுகளை வைத்துக்கொண்டு நெருப்பையும் ஒளிக்கதிரையும் இடிமின்னலையும் கூடக் காட்டிவிடுகிறார், அதன்மேல் வண்ணம் பூசினால் கெடுத்ததாகத்தான் ஆகும் என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் கையில் இருப்பதும் கறுப்புக் கோடுகளால் ஆன எராஸ்மஸ்தான். அந்தக் கலையை அவர் புரிந்துகொண்ட அளவுக்கு அவர் காலத்து எழுத்தாளர்கள் அதிகம் பேர் புரிந்துகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

ஹோல்பைனுக்கு வருவோம். இவர்கள் உறவு தொடங்கிய விதம் அழகானது. 1515இல் பாசெலில் 'மடமையின் புகழ்ச்சி'யின் ஒரு பிரதியின் ஓரங்களில் இளைஞன் ஹோல்பைன் பேனாவால் படங்கள் போட்டார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். ஒரு பக்கத்தில் எராஸ்மஸ் மேசையில் உட்கார்ந்து எழுதுவதுபோல ஒரு படம். தன்னை இவ்வளவு இளமையாகப் பார்த்த எராஸ்மஸ், இன்னும் இப்படி இருந்தால் உடனே ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வேனே என்று சொன்னதாக அந்தப் பிரதியின் சொந்தக்காரர் அங்கேயே குறித்து வைத்திருக்கிறார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1523இல், ஹோல்பைன் அவரைப் பலமுறை தீட்டினார். பக்கவாட்டில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் எராஸ்மஸ் ஒன்று லூவரிலும், அதே அமைப்பில் இன்னொன்று பாசெலிலும் உள்ளன. முக்கால் முகம் காட்டி, தடித்த புத்தகத்தின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருப்பது மூன்றாவது. அந்தப் புத்தகத்தின் விளிம்பில் கிரேக்கத்தில் ஹெர்குலிஸின் உழைப்புகள் என்று எழுதியிருக்கிறது. புத்தகம் எழுதுகிறவன் படுகிற பாட்டை ஹெர்குலிஸின் பாட்டோடு ஒப்பிட்ட எராஸ்மஸுக்குப் பொருத்தமான வரிதான். இது கேன்டர்பரி பேராயர் வாரமுக்குப் போன பரிசு என்று கருதப்படுகிறது. தன்னுடைய இரண்டு படங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினேன், ஒன்றை ஓவியரே பிரான்சுக்குக் கொண்டுபோனார் என்று எராஸ்மஸ் 1524இல் எழுதுகிறார். இன்றைக்கு நாம் எராஸ்மஸ் என்றதும் மனத்தில் வருகிற தொப்பி, நீண்ட கூர்மையான மூக்கு, மெல்லிய உதடு, பாதி தாழ்ந்த இமை எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன.

இந்த ஓவியங்களின் மதிப்பு அடுத்த நூற்றாண்டில் எவ்வளவு ஏறிப்போனது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. இன்று லூவரில் இருக்கும் எராஸ்மஸ் ஒரு காலத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸிடம் இருந்தது. பிரெஞ்சு அரசருடன் ஒரு பண்டமாற்று நடந்தது. சார்லஸ் இந்த எராஸ்மஸையும் டிஷியனின் ஓர் ஓவியத்தையும் கொடுத்து, பதிலுக்கு லியோனார்டோ டா வின்சியின் 'திருமுழுக்கு யோவான்' ஓவியத்தை வாங்கிக்கொண்டார். பின்னால் அந்த லியோனார்டோவும் பிரான்சுக்கே திரும்பிவிட்டது, இப்போது இரண்டும் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தச் சார்லஸின் அரசவை ஓவியராக 1632இல் போய்ச் சேர்ந்தவர்தான் வான் டைக்.

இனி அவர் கதை. ஆன்ட்வெர்ப்பில் பிறந்து, ரூபென்ஸிடம் வேலை பார்த்து, 1621 முதல் 1627 வரை இத்தாலியில் இருந்து, திரும்பி வந்த பிறகு 1630ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கினார். அக்காலத்துப் புகழ்பெற்றவர்களின் உருவங்களை ஒரே அளவில், ஒரே அமைப்பில் அச்சோவியங்களாக வெளியிடுவது. இதை 'ஐகனோகிராபி' என்று பின்னால் வந்தவர்கள் பெயரிட்டார்கள். அரசர்களும் தளபதிகளும் ஒரு பகுதி, அறிஞர்களும் ராஜதந்திரிகளும் இன்னொரு பகுதி, ஓவியர்களும் கலை ரசிகர்களும் மூன்றாவது பகுதி. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஓவியனை அரசனுக்குப் பக்கத்தில் அதே அளவுத் தாளில் நிறுத்தியது சாதாரண காரியம் இல்லை. முதலில் மார்ட்டின் வான் டென் எண்டன் 80 தகடுகளை வெளியிட்டார். வான் டைக் 1641இல் லண்டனில் 42 வயதில் இறந்துபோனார். 1645இல் கில்லிஸ் ஹென்ட்ரிக்ஸ் நூறு படங்களாக அதை விரிவாக்கி ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்டார்.

பெரும்பாலான தகடுகளை வான் டைக் தொடவில்லை. அவர் சாம்பல், பழுப்பு நிறத்தில் சின்ன எண்ணெய் ஓவியமாகவோ கோட்டோவியமாகவோ மாதிரி செய்து கொடுப்பார். வோர்ஸ்டர்மன், பொன்டியஸ், போல்ஸ்வெர்ட் போன்ற கைதேர்ந்த செதுக்குநர்கள் தகட்டில் செதுக்குவார்கள். அவரே ஊசி எடுத்து எட்சிங் செய்தவை இருபதுக்கும் குறைவு. அந்தச் சிறு கூட்டத்தில் ஒன்றுதான் எராஸ்மஸ். அவர் கையால் செய்தவற்றைப் பாருங்கள்: தன் சொந்த முகம், யான் புரூகல், இளைய பீட்டர் புரூகல், பிரான்ஸ் ஸ்னைடர்ஸ், வோர்ஸ்டர்மன், பொன்டியஸ். பெரும்பாலும் கூட வேலை செய்த ஓவியர்கள், செதுக்குநர்கள், பழகிய முகங்கள். அவர்களுக்கு நடுவில் நூறாண்டுக்கு முன் செத்துப்போன ஓர் எழுத்தாளர். இதுதான் என்னை இந்தப் படத்திடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் பதிப்பின் முகப்புத் தாளில் லத்தீனில், இந்த உருவங்கள் எல்லாம் ஓவியர் அந்தோணி வான் டைக் உயிரோடு பார்த்து வரைந்தவை என்று அச்சிட்டிருக்கிறார்கள். டியூரர் போட்ட அதே சொற்றொடர். அந்தக் காலத்து அச்சோவியங்களில் இது ஏறக்குறைய ஒரு முத்திரை வாசகம். அதை இன்றைய புகைப்படத்தின் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது கற்பனை முகம் இல்லை, உண்மை மனிதனின் உருவம் என்று வாங்குபவருக்குத் தருகிற உறுதிமொழி என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அந்த அளவில் எராஸ்மஸுக்கும் அது பொய்யில்லை. ஹோல்பைன் பார்த்தார், ஹோல்பைன் வழி வான் டைக் பார்த்தார்.

ஏன் எராஸ்மஸ்? வான் டைக் காரணம் எதையும் எழுதி வைக்கவில்லை, அதனால் சூழலை மட்டும் சொல்கிறேன். ஆன்ட்வெர்ப்புக்கு எராஸ்மஸ் அந்நியர் இல்லை. அவரோடு சேர்ந்து படத்துக்கு உட்கார்ந்த பீட்டர் கில்லிஸ் அந்த நகர நிர்வாகத்தின் எழுத்தர். எராஸ்மஸ் லூவனில் இருந்தார், பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஆன்டர்லெக்டில் தங்கினார். ஆனால் அவர் நூல்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1559இல் போப் நான்காம் பால் வெளியிட்ட தடைப்பட்டியலில் எராஸ்மஸின் எழுத்து முழுவதுமே இருந்தது. பின்னால் தடை தளர்ந்தாலும் பல நூல்கள் தடையிலும் வெட்டுத் திருத்தத்திலும் மாட்டிக்கொண்டன. செபாஸ்டியன் மூன்ஸ்டரின் உலகவியல் நூலின் ஒரு பிரதியில், அச்சிட்டிருந்த எராஸ்மஸின் முகத்தைத் தணிக்கைக்காரர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கி அழித்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்தால் உங்களுக்கு வலிக்கும். வார்த்தையை அடிப்பது போதாமல் கண்ணையும் வாயையும் அடித்திருக்கிறார்கள். மறுபக்கம், புராட்டஸ்டன்ட் ரோட்டர்டாம் 1622இல் ஹென்ட்ரிக் டி கைசர் வடிவமைத்த வெண்கலச் சிலையை நகரத்தில் நிறுத்தியது. அங்கேயும் கடுமையான கால்வினியர்களுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் முழுசாக ஒத்துவராதவர் எராஸ்மஸ். அந்தக் காலத்தில்தான் கத்தோலிக்க ஆன்ட்வெர்ப்பில், தானும் பக்தியுள்ள கத்தோலிக்கரான வான் டைக், தன் கையால் அவரைத் தகட்டில் வரைகிறார். அதை எதிர்ப்பு என்று பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் அன்பு இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

எராஸ்மஸின் உருவம் போன தூரத்துக்கு ஒரு கதை சொல்லிவிட்டுத் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். 1600இல் ஜப்பான் கரை சேர்ந்த 'லீஃப்டே' என்ற டச்சுக் கப்பலின் பழைய பெயர் 'எராஸ்மஸ்'. அதன் பின்புறத்தில் மரத்தில் செதுக்கிய எராஸ்மஸ் சிலை ஒன்று இருந்தது. அது ஜப்பானிலேயே தங்கி, ஒரு புத்த ஆலயத்தில் வேறு பெயரில் நூற்றாண்டுக் கணக்கில் வைத்துக் காக்கப்பட்டது. பிறகுதான் அது யார் என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, தகடு. எட்சிங் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் பதில் புரியும். மெருகேற்றிய செம்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த ஒரு பூச்சை மெல்லியதாகத் தடவுவார்கள். புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவார்கள், கோடு பளிச்சென்று தெரிய. பிறகு ஊசியால் அந்தப் பூச்சின்மேல் வரைவார்கள். ஊசி செம்பைத் தோண்டத் தேவையில்லை, மெழுகை விலக்கினால் போதும். தகட்டை அமிலத்தில் வைத்தால் மெழுகு விலகிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். நேரம் கூடக் கூடக் கோடு ஆழமாகும். மெல்லிய கோடு போதும் என்கிற இடத்தை நடுவில் எடுத்து மூடிவிட்டு மற்றதைத் திரும்ப அமிலத்தில் வைக்கலாம். கடைசியில் பூச்சைத் துடைத்து, கோடுகளுக்குள் மை ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவில் அழுத்தி இழுப்பார்கள். தாள் கோட்டுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். படம் இடம் வலமாகப் புரண்டு விழும்.

மற்ற முறை, டியூரர் செய்தது, நேரடியாகக் கூர்மையான எஃகு உளியைத் தள்ளிச் செம்பைச் சீவி எடுப்பது. அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும், உளி தள்ளுகிற கை வேகமாகப் போக முடியாது. எட்சிங்கில் ஊசி, பேனாபோல ஓடும். ஓவியன் தாளில் வரைகிற வேகத்திலேயே தகட்டில் வரையலாம். அதனால்தான் செதுக்குநர் அல்லாத வான் டைக்கால் அதைத் தொட முடிந்தது. நான் முதன்முதலில் மெழுகுபூசிய தகட்டில் ஊசி வைத்தபோது கை இவ்வளவு சுலபமாகப் போகிறதே என்று திகைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அமிலத்தில் எவ்வளவு நேரம் என்ற கணக்குத்தான் கஷ்டம். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, கை பழக வேண்டும்.

வான் டைக்கின் எட்சிங்குகளில் ஒரு பழக்கம் தெரியும். முகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளும் குறுங்கோடுகளும் போட்டு நிதானமாக வேலை செய்வார். ஆடைக்கு வந்ததும் நாலு நீளக் கோடு, பட்பட்டென்று மடிப்பு, அவ்வளவுதான். பின்னணியை அப்படியே வெறும் தாளாக விட்டுவிடுவார். அந்தக் காலத்தில் இது துணிச்சல். வாங்குகிறவர்கள் எல்லா இடமும் நிரம்பிய, பளபளக்கிற செதுக்கோவியத்துக்குப் பழகியவர்கள். வெளியீட்டாளர்களுக்கும் இந்த வெறுமை உறுத்தியிருக்கிறது. அதனால் பல தகடுகளில் பின்னால் வேறு செதுக்குநர்களை வைத்துப் பின்னணி, உடை எல்லாம் நிரப்பினார்கள். அவருடைய தன்னுருவத்துக்கு நடந்ததைப் பாருங்கள்: அவர் தலையை மட்டும் வரைந்து மீதித் தகட்டை வெறுமையாக விட்டார். ஹென்ட்ரிக்ஸின் பதிப்புக்காக யாக்கோப் நேஃப்ஸ் அதன்கீழ் பீடமும் மார்பும் செதுக்கிச் சேர்த்து, அதை முகப்புத் தாளாக்கிவிட்டார். அந்த முதல் நிலைத் தலைக்கு முன்னால் முகப்புத் தாள் நிற்காது. இது என் தீர்ப்பு மட்டுமில்லை, அச்சோவியம் சேகரிக்கிறவர்களில் அநேகரும் இதைத்தான் சொல்வார்கள்.

மூன்றாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரே தகடு, ஆனால் வாழ்நாளில் பல நிலைகள். எழுத்து எதுவும் இல்லாமல் எட்சிங் மட்டும் உள்ளது முதல் நிலை. பிறகு பெயரைப் பொறிப்பார்கள். கில்லிஸ் ஹென்ட்ரிக்ஸ் கைக்குப் போன தகடுகளில் அவர் பெயரின் முதலெழுத்துகளான ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் அடியில் ஏறின. அவருக்குப் பிறகு அவை சுரண்டி அழிக்கப்பட்டன. உற்றுப் பார்த்தால் சில பிரதிகளில் அழித்த தடமே தெரியும். அதற்குள் செம்பும் தேய்ந்துகொண்டே வருகிறது. செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு இழுப்பிலும் அழுத்தம், ஒவ்வொரு முறையும் துணியால் துடைப்பு. முதலில் போவது முகத்து மெல்லிய புள்ளிகள்தான். முதல் சில டஜன் பிரதிகளில் கன்னம் கனிந்து தெரியும், நூற்றுக்கணக்கில் இழுத்தபின் அதே கன்னம் வெளிறிப்போய்ச் சட்டைக் கோடுகள் மட்டும் தடியாக நிற்கும். அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் படம் மாறித் தெரிவது இதனால்தான்.

இந்தத் தொடரின் தகடுகள் அதோடு ஓயவில்லை. ஒரு வெளியீட்டாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறி, 18ஆம் நூற்றாண்டிலும் அச்சாகி, கடைசியில் லூவரின் தகட்டுச் சேகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே வான் டைக் தொட்ட செம்பிலிருந்து, அவர் இறந்து இருநூறு ஆண்டு கழித்து இழுத்த தாளும் இருக்கலாம். அது அசலா? தகடு அசல், தாள் பிற்காலத்தது. இதுபோக 19ஆம் நூற்றாண்டில் ஆமான்-துராந்த் என்ற பாரிஸ்காரர் புகைப்பட முறையில் புதுத் தகடு செய்து வான் டைக்கின் எட்சிங்குகளை மிக அருமையாக மறுபடி அச்சிட்டார். நல்ல கண்ணையும் ஏமாற்றும் வேலை அது. ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்யவில்லை, அவர் படங்களின் பின்பக்கத்தில் பொதுவாகச் சின்னச் சிவப்பு முத்திரை இருக்கும். ஆக, அசலா நகலா என்று கேட்டால் இரண்டு பெட்டி போதாது. வான் டைக் காலத்து இழுப்பு, 1645 பதிப்பு, பிற்கால இழுப்பு, 19ஆம் நூற்றாண்டு மறுபதிப்பு, சாதாரண இயந்திர அச்சு என்று ஐந்து பெட்டியாவது வேண்டும்.

உங்கள் படம் எந்தப் பெட்டி என்று பார்க்க வீட்டிலேயே சில காரியங்கள் செய்யலாம். சட்டகத்திலிருந்து வெளியே எடுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. சாம்பல் நிறமாகத் தெரிகிற இடத்தைப் பாருங்கள். வரிசை வரிசையாகச் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது செய்தித்தாள் படம்போல இயந்திர அச்சு, அதோடு ஆராய்ச்சி முடிந்தது. தனித்தனிக் கோடுகள் தெரிந்தால் அவற்றின் முனையைக் கவனியுங்கள். அமிலம் அரித்த கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஏறக்குறைய ஒரே பருமனில் போய் மொட்டையாக முடியும். உளி சீவிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, ஊசிமுனைபோல முடியும். இரண்டும் கலந்திருந்தால் பிற்காலக் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வான் டைக்கின் இந்த எட்சிங்குகள் சுமார் 24 சென்டிமீட்டர் உயரம், 16 சென்டிமீட்டர் அகலத்தை ஒட்டி இருக்கும். பள்ளம் இல்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம், பழைய சேகரிப்பாளர்கள் ஓரத்தை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவது வழக்கமாக இருந்தது. அடுத்தது தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான இணைகோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டிச் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வேறு கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச் சல்லடையில் கந்தல் கூழை வார்த்த பழைய முறைத் தாள். எந்தக் கோடும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தால், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னால் அப்படித் தாளே செய்யவில்லை, ஆகவே வான் டைக் காலத்தது ஆகாது. நீர்க்குறி இருந்தால் பென்சிலால் தடம் எடுக்க முயலாதீர்கள், புகைப்படம் எடுங்கள். கடைசியாகப் பின்பக்கம்: சிவப்பு முத்திரை, பழைய சேகரிப்பாளர் முத்திரை, பென்சில் குறிப்பு எதையும் துடைத்துவிடாதீர்கள். அடிப்பக்கத்தில் பெயரைத் தவிர வேறு எழுத்து உண்டா, சுரண்டின தடம் உண்டா என்றும் பாருங்கள்.

உங்கள் படத்தில் பெயர் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டதால் அது முதல் நிலை இல்லை என்பது உறுதி. முதல் நிலைகள் மிக அரிதானவை, பெரும்பாலும் அருங்காட்சியகங்களில்தான் இருக்கும். கடைக்காரர் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை. 1645 பதிப்போ அதற்கு அடுத்த இழுப்போ ஆக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அதுவும் 17ஆம் நூற்றாண்டுத் தாள்தான்.

பெரிய ஓவியன் ஏன் இன்னொருவன் தீட்டிய முகத்தை எடுத்து வரைய வேண்டும் என்று உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. அதற்கு அதே காலத்து இன்னொரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1639இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஏலம். மறுமலர்ச்சிக் கால எழுத்தாளர் பால்தசாரே காஸ்டிலியோனேயை ரஃபேல் தீட்டிய ஓவியம் விலைக்கு வந்தது. ரெம்ப்ராண்ட் அதைப் பார்த்துப் பேனாவால் அவசர அவசரமாக ஒரு படம் போட்டுக்கொண்டார், 3500 கில்டருக்குப் போனது என்று ஓரத்தில் விலையையும் எழுதிக்கொண்டார். அந்தத் தாள் இன்று வியன்னாவில் இருக்கிறது. அதே ஆண்டில் அவர் செய்த எட்சிங்கில், கல் விளிம்பில் முழங்கையை ஊன்றி, தொப்பி சாய்த்து நம்மைப் பார்ப்பது ரெம்ப்ராண்டேதான். ஆனால் அந்த உட்காரும் தோரணைக்குள் காஸ்டிலியோனே இருக்கிறார். ரெம்ப்ராண்ட் எழுத்தாளரின் நிலையை எடுத்துக்கொண்டு தன் முகத்தை வைத்தார். வான் டைக் எழுத்தாளரின் முகத்தையே எடுத்துக்கொண்டு அதைத் தன் கோட்டில் எழுதினார். இரண்டிலும் நடந்தது படியெடுப்பு இல்லை, வாசிப்பு. ஹோல்பைனின் எண்ணெய் ஓவியத்தில் தூரிகைத் தடமே தெரியாது, ரோமம் ரோமமாக அங்கி இருக்கும். அதை ஊசிக்கோட்டுக்குக் கொண்டுவரும்போது எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவு எடுக்க வேண்டும். முகம் ஹோல்பைன் கொடுத்தது, முடிவுகள் எல்லாம் வான் டைக்குடையவை.

லென்ஸ் வாங்கியதும் கண்ணிலிருந்து தொடங்குங்கள். மேல் இமை, அதன்கீழ் நிழல், அப்புறம் மூக்கின் பக்கம், உதடு. அங்கிருந்து மெதுவாக அங்கிக்கு இறங்குங்கள். புள்ளி நின்று கோடு ஓடத் தொடங்குகிற இடம் வரும், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். மறுபடி சட்டகத்தில் போடும்போது அமிலம் கலக்காத அட்டை கேட்டு வாங்குங்கள், செலோ டேப் வேண்டவே வேண்டாம், கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த ஒரு புகைப்படமும், பின்பக்கத்தின் ஒரு புகைப்படமும், கீழ் ஓரத்தை லென்ஸ் வழியாக எடுத்த ஒன்றும் அனுப்பினால், எந்த இழுப்பாக இருக்கும் என்று இன்னும் நெருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.